கலங்கல் ஒரு வகையாகுமா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாட்டர்பரி என்றொரு சிற்றூர். அங்கே 2003இல் 'தி ஆல்கெமிஸ்ட்' என்ற மதுக்கூடத்தைத் திறந்த ஜான் கிம்மிச், அடுத்த ஆண்டு காய்ச்சிய பீரின் பெயர் ஹெடி டாப்பர். இன்று ஹேஸி (கலங்கியது) என்றும் ஜூஸி என்றும் உலகமெங்கும் விற்கிற ஐபிஏக்களுக்கெல்லாம் (இந்தியா பேல் ஏல்) அதுதான் மூத்தது என்பதைக் கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2011இல் அதைக் கேனில் அடைத்து விற்கத் தொடங்கியபோது, கேனிலிருந்தே குடிக்கச் சொல்லி அதன் மேலேயே அச்சிட்டார்கள். கிளாஸில் ஊற்றிப் பார்க்காதே என்று சொன்ன பீரின் வாரிசுகளுக்கு, கிளாஸில் தெரிகிற கலங்கலே பெயராக வாய்த்துவிட்டது. இந்தப் பீர் தனி வகையா, இல்லை பழைய ஐபிஏயை வடிகட்டாமல் விற்கும் உத்தியா என்று பத்தாண்டுகளாக நடக்கிற சண்டையில் பாதி, இந்தப் பெயரால் வந்த வினை.

பீரை வகை பிரிப்பதே அப்படியொன்றும் பழைய வழக்கமல்ல. ஊருக்கு ஒரு பீர் இருந்த காலத்தில் அட்டவணை தேவைப்படவில்லை. 1977இல் மைக்கேல் ஜாக்சன் (பாடகரல்ல, ஆங்கிலேயப் பத்திரிகையாளர்) உலக பீர்களைத் தொகுத்து எழுதிய நூல்தான் இன்றைய பகுப்புக்கு வித்திட்டது. வீட்டில் காய்ச்சுவோரின் போட்டிகளுக்கு நடுவர்களைப் பயிற்றுவிக்கும் பிஜேசிபி 1985இல் உருவானது. ஆக, வகை என்பது முதலில் போட்டி நடத்துபவர்களின் தேவை. தெளிவாக இருக்க வேண்டிய ஐபிஏ கலங்கிவந்தால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். அதே கலங்கலைத் தேடி வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றபோது நடுவர்களுக்குத் தர்மசங்கடம். அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் 2018இல் ஜூஸி அல்லது ஹேஸி என்ற பிரிவைத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டின் கிரேட் அமெரிக்கன் பீர் விழாவில் அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் 391 பீர்கள் வந்தன. அதுவரை முதலிடத்திலிருந்த அமெரிக்கன் ஐபிஏ பின்னுக்குப் போனது. பிஜேசிபியும் அதே ஆண்டு, வெர்மான்ட் அடங்கிய வட்டாரத்தின் பெயரால் 'நியூ இங்கிலாந்து ஐபிஏ' என்று தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, 2021இல் 'ஹேஸி ஐபிஏ' என்று பெயரை மாற்றி நிரந்தர இடம் கொடுத்தது. ஊர்ப்பெயர் உள்ளே நுழைய உதவியது. நுழைந்த பிறகு உதிர்ந்துபோனது.

எதிர்த்தரப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கறுப்பு ஐபிஏ, வெள்ளை ஐபிஏ, சிவப்பு ஐபிஏ எல்லாம் வந்தன. ஷாம்பெயின் போல வறண்டிருக்க வேண்டும் என்று 2018 வாக்கில் கிளம்பிய ப்ரூட் ஐபிஏ, வந்த வேகத்திலேயே காணாமல் போனது. சந்தை கேட்கும் ஒவ்வொரு புதுச் சட்டைக்கும் ஒரு வகை எண் கொடுத்தால் பட்டியலுக்கு என்ன மரியாதை என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஹேஸி விஷயத்தில் மாறியது சட்டை மட்டுமல்ல.

பழைய முறையில் ஹாப்ஸ் பூவைக் கொதிக்கிற கஷாயத்தில் ஒரு மணி நேரம் போடுவார்கள். அந்தக் கொதியில் பூவின் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகின்றன. வாசனை எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடுகின்றன. ஹேஸி காய்ச்சுபவர் கொதியில் ஏறக்குறைய எதையும் போடுவதில்லை. அடுப்பை அணைத்துச் சூடு இறங்கும்போது கொஞ்சம், நொதித்தல் மும்முரமாக நடக்கும்போது நிறைய, முடிந்தபின் மறுபடியும் என்று போடுகிறார். உயிரோடிருக்கும் ஈஸ்ட் அந்தப் பூவெண்ணெயில் வேலை செய்கிறது: ரோஜா வாசனையுள்ள ஜெரானியாலை எலுமிச்சை வாசனையுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றுகிறது. கொய்யாவுக்கும் பேஷன் ஃப்ரூட்டுக்கும் மணம் தருகிற கந்தகச் சேர்மங்கள் ஹாப்ஸிலும் உண்டு. சிட்ரா, மொசைக், கேலக்ஸி போன்ற ரகங்களை இதற்காகத்தான் தேடி வாங்குகிறார்கள். ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பதால் வாயில் வழவழப்பு கூடுகிறது. அவற்றின் புரதமும் ஹாப்ஸின் பாலிஃபீனாலும் பிணைந்துகொள்வதால் பீர் கலங்குகிறது. கலங்கல் இங்கே விளைவுதான். மாவைக் கரைத்துக் கலக்கினாலும் பீர் கலங்கும், ஹேஸி ஆகாது. அப்படிக் கலக்கி விற்றவர்களும் உண்டு.

தண்ணீர் விஷயம் இன்னும் சுவாரசியமானது, அது நம்மை இந்தியாவுக்குக் கொண்டுவருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சனின் ஆலை, பக்கத்துத் துறையில் நின்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் பீர் கொடுத்தது. அவர்தான் ஐபிஏயைக் கண்டுபிடித்தார் என்ற கதையை வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கார்னெல் ஆதாரங்களோடு உடைத்திருக்கிறார்: அது ஏற்கெனவே இங்கிலாந்தில் காய்ச்சிய வெளிர்நிற பீர்தான், இந்தியாவுக்கு வந்த சிப்பாய்கள் அதைவிடக் கறுப்பு போர்ட்டரையே அதிகம் குடித்தார்கள். 1820களில் பர்ட்டன் ஊரின் ஆல்சாப்பும் பாஸும் களமிறங்கி ஹாட்ஜ்சனை ஓரங்கட்டினர். அவர்களுக்குக் கைகொடுத்தது பர்ட்டன் கிணற்றுநீரின் ஜிப்சம். சல்ஃபேட் மிகுந்த நீர் கசப்பைக் கத்தி முனைபோல் தீட்டும். ஹேஸி காய்ச்சுபவர்கள் இதற்கு நேரெதிர்: குளோரைடைக் கூட்டிச் சல்ஃபேட்டைக் குறைக்கிறார்கள். கசப்பு வட்டமாகிறது, பழச்சுவை முன்னே வருகிறது. ஒரே பெயரில் வழங்கும் இரண்டு பீர்கள் தண்ணீர், ஈஸ்ட், தானியம், ஹாப்ஸ் போடும் நேரம் என்ற நான்கிலும் முரண்பட்டால் அவை இரண்டு வகைதான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பெங்களூரில் இந்தக் கேள்விக்கு வேறொரு முகம். இந்தியாவின் பெயரைத் தாங்கிய பீர் இந்தியாவில் நிலைக்கவில்லை. 1915இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கினார். விட்டல் மல்லையா காலத்தில் இந்தியர் கைக்கு வந்த அந்த நிறுவனத்தின் கிங்ஃபிஷர், பீர் என்றால் சில்லென்ற, பளிச்சென்ற லாகர் என்று நாட்டுக்கே பழக்கியது. எல்லாம் மாறியது 2010க்குப் பிறகு. மைக்ரோ ப்ரூவரிகளுக்குக் கர்நாடகம் வழிவிட, இந்திராநகர் நூறடிச் சாலையில் டாய்ட், விட்டல் மல்லையா சாலைப் பக்கம் பியர் கிளப், மிச்சிகனின் ஆன் ஆர்பரிலிருந்து கிளைவிட்டு 2012இல் மெக்ராத் சாலைக்கு வந்த ஆர்பர், ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்று வரிசையாக முளைத்தன. ஆர்பரின் 'ரேஜிங் எலிஃபன்ட்' ஐபிஏ இந்த ஊர்க்காரர்கள் பலருக்குக் கசப்பின் முதல் பாடம்.

ஆனால் பெங்களூர் முதலில் காதலித்தது கசப்பையல்ல, கோதுமையை. வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும் ஜெர்மன் ஹெஃபவைசன், ஆரஞ்சுத்தோலும் கொத்தமல்லி விதையும் சேர்ந்த பெல்ஜிய விட் இரண்டும் ஏறக்குறைய எல்லா மைக்ரோ ப்ரூவரிகளிலும் நிரந்தரம். இரண்டுமே கலங்கிய பீர்கள். ஆகவே ஹேஸி ஐபிஏ இங்கே வந்தபோது கலங்கல் யாரையும் அதிரவைக்கவில்லை. தெளிந்த பீரையே பார்த்த அமெரிக்க நடுவரைத் திடுக்கிடவைத்தது பெங்களூர்க்காரருக்குச் சனிக்கிழமை சாயங்காலத்து வழக்கமான காட்சி. அவருக்குப் புதிது, கசப்பு முகத்தில் அறையாமல் மாம்பழ வாசனையோடு வந்த ஐபிஏ. இதனால்தான் இந்த விவாதத்துக்குப் பெங்களூர் நல்ல சாட்சி என்கிறேன். கலங்கலின் அதிர்ச்சியைக் கழித்துவிட்டாலும் இந்தப் பீர் வேறாகவே தெரிகிறது.

வட்டாரம் என்ற அடைமொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீரக சம்பா அரிசியும் அதற்கேற்ற மசாலாவும் இருந்தால் திண்டுக்கல் பிரியாணியை எந்த ஊரிலும் சமைக்கலாம், திண்டுக்கல் தண்ணீர் தேவையில்லை. ஹேஸியும் அப்படித்தான். காவிரி நீரோ டேங்கர் நீரோ, ஆர்ஓவில் உப்பெல்லாம் நீக்கிவிட்டு வேண்டியதை எடைபோட்டுச் சேர்த்தால் வெர்மான்ட்டின் தண்ணீரைப் பெங்களூரில் எழுதிவிடலாம். மால்ட்டும் ஹாப்ஸும் கப்பலில் வருகின்றன. நியூ இங்கிலாந்து என்பது இனி பிறந்த ஊர்தான், முகவரி அல்ல. பிஜேசிபி பெயரை மாற்றியது சரி.

இன்னொரு வகையில் பெங்களூர் இந்தப் பீருக்கு வாகான ஊர். ஹேஸி காற்றுக்கு அஞ்சும் பீர். கொஞ்சம் ஆக்சிஜன் புகுந்தாலும் சில வாரங்களில் நிறம் மங்கிப் பழுப்பாகிறது, மாம்பழம் போய் அட்டைப்பெட்டி வாசனை மிஞ்சுகிறது. நம்மூர் லாரியும் கிடங்கும் அதற்கு எமன். காய்ச்சிய இடத்திலேயே தொட்டியிலிருந்து நேராக ஊற்றும் மைக்ரோ ப்ரூவரிதான் அதற்கு ஏற்ற வீடு. காய்ச்சிய இடத்திலேயே ஊற்ற வேண்டும் என்று சட்டம் வியாபாரத்துக்காகப் போட்ட கட்டுப்பாடு, ருசிக்கு அனுகூலமாகிவிட்டது.

அதே சட்டத்துக்கு வகையைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளின்படி, ஆல்கஹால் 5 சதவீதத்துக்குள் இருந்தால் சாதா, அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். பிஜேசிபி ஹேஸிக்குச் சொல்கிற அளவு 6 முதல் 9. ஆகப் பக்குவமாகக் காய்ச்சிய ஹேஸியும், சீக்கிரம் ஏற வேண்டும் என்று வாங்குகிற ஸ்ட்ராங் லாகரும் அரசின் கண்ணில் சகோதரர்கள். ஓசூர் தாண்டினால் அந்தக் கேள்வியும் இல்லை. டாஸ்மாக்கில் கேட்கப்படும் ஒரே வகைப்பாடு, கூலிங் இருக்கா இல்லையா என்பது.

மிஞ்சுவது, பெங்களூருக்கென்று ஒரு ஐபிஏ உண்டா என்ற கேள்வி. இதுவரை இல்லை. கோடையில் மாம்பழம் போட்ட பீரைப் பல இடங்களில் ஊற்றுகிறார்கள், டாய்ட்டில் பாஸ்மதி அரிசியில் காய்ச்சிய பீர் உண்டு; அவை தனித்தனிக் கைவேலைகள். அர்ஜென்டினாக்காரர்கள் கோதுமை சேர்த்து, படகோனியாவில் விளைந்த ஹாப்ஸைக்கொண்டு காய்ச்சிய ஐபிஏக்கு 'ஐபிஏ அர்ஜென்டா' என்று பெயர் வைத்து, தங்களுக்குள் அளவுகளை ஒத்துக்கொண்டு எழுதிக்கொடுத்தார்கள். பிஜேசிபி அதை உள்ளூர் வகைகளின் பின்னிணைப்பில் சேர்த்தது. பிரேசிலின் சான்டா கட்டரினா மாநிலத்தார் உள்ளூர்ப் பழங்களைப் போட்ட புளிப்பு பீருக்கு 'கட்டரினா சவர்' என்று அதே வழியில் இடம் வாங்கினார்கள். உள்ளூர் ஹாப்ஸ் நமக்கும் உண்டு: இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது. ஆனால் ஹேஸிக்கு உயிரான சிட்ரா காப்புரிமை பெற்ற அமெரிக்க ரகம், அங்கே நினைத்தவுடன் நட்டுவிட முடியாது. கோதுமைப் பழக்கம் பெங்களூரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாலு ப்ரூவரிகள் உட்கார்ந்து ஒரே பெயரில் ஒரே அளவுகளுக்கு ஒத்துக்கொண்டு சில ஆண்டுகள் விடாமல் ஊற்றினால் பின்னிணைப்பில் அடுத்த எண் காலியாகத்தான் இருக்கிறது. போட்டியாளர்கள் நாலு பேரை ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான் காய்ச்சுவதைவிடக் கடினம்.