மூவரும் சமம் என்கிற பேச்சு

ஜாஸ் பியானோ மூவர் குழுவில் எதை முதலில் கேட்பது என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் 1961 ஜூன் 25 என்றுதான் பதில் வரும். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை பில் எவன்ஸ் பியானோவும் ஸ்காட் லாஃபாரோ டபுள் பேஸும் பால் மோஷியன் டிரம்ஸும் வாசித்தார்கள். படியிறங்கிப் போகவேண்டிய நிலவறைக் கூடம். நூற்றுச் சொச்சம் பேருக்கு மேல் இடமில்லை. பிற்பகலில் இரண்டு அமர்வு, இரவில் மூன்று. ரிவர்சைட் நிறுவனத்தின் ஓரின் கீப்நியூஸ் ஐந்தையும் பதிவு செய்தார். பதினோராம் நாள் லாஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25.

அன்றிலிருந்து இந்தக் கச்சேரிக்கு ஒரே பாராட்டுதான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது: முன்னணி, பக்கவாத்தியம் என்ற பேதமே இல்லாமல் மூவரும் சமமாகப் பேசிக்கொண்டார்கள் என்று. எவன்ஸே அப்படித்தான் ஆசைப்பட்டார். ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் என்று முறைவைத்து வாசிக்காமல், மூவரின் மனோதர்மமும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆசை எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. விபத்தின் துக்கம் இந்த இசைத்தட்டுகளின் மேல் படிந்து கிடப்பதால் அப்படிப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

முதலில், எது உடைந்தது என்று தெரியவேண்டும். நம் கச்சேரியில் தம்புராவின் வேலையையும் மிருதங்கத்தின் வேலையில் பாதியையும் ஒரே ஆள் தலையில் ஏற்றினால் எப்படியோ, ஜாஸில் பேஸ் வாசிப்பவர் நிலை அப்படி. கார்டின், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின், ஆதார சுரத்தையும் அவர் தரவேண்டும், அடிக்கு ஒரு சுரமாக நடந்து காலப்பிரமாணத்தையும் காக்கவேண்டும். லாஃபாரோ இரண்டையும் கட்டாயக் கடமையாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வயதையொட்டித்தான் அவர் பேஸைத் தொட்டார். அதுவரை கிளாரினெட்டும் டெனர் சாக்ஸஃபோனும். அவருடைய சொற்கட்டுகள் ஊதுகிறவரின் மூச்சளவுக்கு நீண்டு, நின்று, மறுபடி எழுவது அந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன். முந்தைய டிசம்பரில்தான் ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ பதிவில் வாசித்திருந்தார். அங்கே கார்டுகளின் வரிசை என்ற கட்டே கிடையாது.

எவன்ஸின் இடக்கை அடிக்கடி கார்டின் ஆதார சுரத்தை விட்டுவிடும். அது பேஸ் பார்த்துக்கொள்ளும் வேலை என்று பொருள். பேஸும் அதை வைக்காமல் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிட்டால்? ‘குளோரியாஸ் ஸ்டெப்’ அதற்கு நல்ல சோதனை. லாஃபாரோ எழுதிய இந்தப் பாட்டு, வழக்கமான எட்டு எட்டு அளவாக இல்லாமல் ஐந்து, ஐந்து, பத்து அளவுகளாகப் பிரிகிறது. தரையை யாரும் காட்டாமலே அந்தக் கோணல் கணக்கில் மூவரும் தவறாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். காலம் வாத்தியத்தில் ஒலிக்கவில்லை, மூன்று மண்டைக்குள்ளும் ஓடுகிறது. இந்தச் சாதனையில் எனக்கு எந்தக் குறையும் தென்படவில்லை.

ஆனால் ‘சோலார்’ வேறு கதை. பேஸ் நீளமாக ஓடுகிறது, விரல் வேகம் பிரமிக்க வைக்கிறது, பேச்சு மட்டும் ஒருவருடையதாகவே இருக்கிறது. ‘மைல்ஸ்டோன்ஸ்’ இன்னும் மோசம். எவன்ஸ் கார்டுகளை வைத்துவிட்டு ஒதுங்க, பக்கவாத்தியம் இடம் மாறியதே ஒழிய ஒழியவில்லை. பியானோக்காரருக்குப் பதில் பேஸ்காரர் முன்னே வந்தால் அதன் பெயர் சமத்துவமா?

இந்தச் சாய்வில் தொகுத்தவர்களின் கையும் உண்டு. லாஃபாரோ இறந்த பிறகு ‘சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்’ இசைத்தட்டை அவருக்கு அஞ்சலியாகவே அடுக்கினார்கள். தொடக்கமும் முடிவும் அவர் எழுதிய பாட்டுகள். நடுவிலும் பேஸ் மேலோங்கும் வாசிப்புகளே அதிகம். அஞ்சலி நியாயமானதுதான். ஆனால் அந்த ஆறு பாட்டுகளை மட்டும் கேட்டுவிட்டுக் குழுவையே எடைபோட்டவர்கள், தொகுப்பின் குணத்தைக் கச்சேரியின் குணமாக எடுத்துக்கொண்டார்கள். அதே நாளின் மிச்சத்திலிருந்து வந்த ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ வேறு முகம் காட்டுகிறது.

அதன் முதல் பாட்டு ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’, அன்று ஒரே ஒரு முறை வாசித்தது. இங்கே லாஃபாரோ கைவசமிருந்த வித்தையெல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஆழமான, இடைவெளி விட்ட சில சுரங்களை மட்டும் வைக்கிறார். கூடத்தின் பேச்சும் கண்ணாடிக் குவளைச் சத்தமும்கூட அவற்றை மறைக்கவில்லை. மோஷியனைக் கவனித்துக் கேளுங்கள். பிரஷ் ஸ்னேரின் மேல் உராய்கிறது. சிம்பல் அடியைச் சுட்டாமல், எவன்ஸின் கார்டு கரையும் இடத்தில் ஒலித்துப் பரவுகிறது. பாட்டின் அசல் மெட்டை விட்டு எவன்ஸ் அதிகம் விலகுவதில்லை. தனி வாசிப்பு என்று எடுத்துக் காட்ட எதுவுமில்லாத இந்த ஐந்து நிமிடத்தில் எந்த வாத்தியத்தை நீக்கினாலும் பாட்டு நிற்காது. எவன்ஸ் விரும்பியது இதுதான் என்றால், அது கிடைத்தது இங்கே, அந்த மேல் ஸ்தாயிப் பாய்ச்சல்களில் அல்ல.

மோஷியனுக்கு உரிய பங்கு இன்றுவரை தரப்படவில்லை. மற்ற இருவரும் காலத்தை விட்டு விலகும்போதெல்லாம் அது எங்கே இருக்கிறது என்று கோடி காட்டியவர் அவர், அதுவும் அழுத்தாமல். இருவரின் உரையாடலை அவர் சாத்தியமாக்கினார் என்பது உண்மை; அதில் சம அளவு பேசினார் என்பது புகழ்மொழி. ‘ஆல் ஆஃப் யூ’வை அன்று மூன்று முறை வாசித்தார்கள். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், பியானோவும் பேஸும் புதுப்புது வழி தேட, டிரம்ஸ் அவற்றுக்கு இடம்விடுவது தெளிவாகத் தெரிகிறது.

எதிர்வாதம் ஒன்றுண்டு: லாஃபாரோ போனபின் சக் இஸ்ரேல்ஸ் வந்தார், மோஷியன் தொடர்ந்தார், 1962-இல் ‘மூன் பீம்ஸ்’ பதிவானது. அழகான இசைத்தட்டுதான், ஆனால் அது மறுபடி பியானோக்காரரின் குழு. எனவே பேஸ்தான் எல்லாமும் என்பார்கள். இஸ்ரேல்ஸின் நிதானம் குறையல்ல. எவன்ஸை எதிர்த்துக் கேள்வி கேட்கும் குரல் அங்கே இல்லை, அவ்வளவுதான். லாஃபாரோவின் இடம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, வேகத்தில் இல்லை.

ஆக, சமமான மூவர் என்ற பட்டத்தை இந்தக் குழுவுக்கு நான் தரமாட்டேன். இரண்டு பேரின் தர்க்கம், அதற்கு நடுவராக நின்ற மூன்றாமவர் என்பதே பொருத்தம். அப்படியிருந்தும் அதற்கு முன் பதிவான எந்தப் பியானோ மூவர் கச்சேரியையும் இதற்கு மேலே வைக்க என்னால் முடியவில்லை. புதிதாகக் கேட்கிறவர்கள் ‘சண்டே’யை ஒத்திப்போட்டு ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’யிலிருந்து தொடங்கலாம், ‘மைல்ஸ்டோன்ஸ்’ வரும்போது எழுந்து காபி போடப் போனாலும் நஷ்டமில்லை.