ஆஸ்திரேலியாவில் பதுங்கினால் பிழைக்கலாமா?

ரிஸ்க் ஆட்டத்தில் படை குறைந்துபோனவரின் கண் பலகையின் தென்கிழக்கு மூலைக்குத்தான் முதலில் போகும். ஆறு கண்டங்கள், 42 நாடுகள் கொண்ட அந்த வரைபடத்தில் ஆஸ்திரேலியாவுக்கு நான்கே நாடுகள்: இந்தோனேசியா, நியூ கினியா, மேற்கு ஆஸ்திரேலியா, கிழக்கு ஆஸ்திரேலியா. உள்ளே வர ஒரே வழி, ஆசியாவின் சியாமிலிருந்து இந்தோனேசியாவுக்கு வரும் கோடு. மூலையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் படைகளைக் குவித்துவிட்டு, மற்றவர்கள் அடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பது இந்த ஆட்டத்தின் மிகப் பழகிய தற்காப்பு. கோழைத்தனம் என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. பலவீனமானவருக்கு வேறு வழி ஏது என்று வாதாடுபவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. வருமானத்தைக் காப்பதற்கு ஒரு ஏற்பாடு தேவை, உயிரைக் காப்பதற்கு வேறொன்று தேவை. ஆஸ்திரேலிய உத்தி முதலாவதை நன்றாகச் செய்கிறது. இரண்டாவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பியவர்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறையும் கையிலுள்ள நாடுகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து, அத்தனை புதுப்படை தருவது விதி. எவ்வளவு குறைந்தாலும் மூன்று நிச்சயம். 11 நாடு வைத்திருப்பவருக்கும் மூன்று, நான்கு நாடு வைத்திருப்பவருக்கும் மூன்று. ஆகவே உலகெங்கும் ஒன்றிரண்டு படையாகச் சிதறிக் கிடக்கும் ஏழு நாடுகளைக் கைகழுவிவிட்டு மூலைக்குப் போய்விட்டாலும் வரவு குறைவதில்லை. பலவீனமானவருக்கு இந்த விதி தரும் பெரிய சலுகை இது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. எங்கோ ஐஸ்லாந்தில் நிற்கும் ஒற்றைப் படைக்காக அடுத்தவரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். ஆஸ்திரேலியா முழுவதும் கையில் இருந்தால் போனஸ் இரண்டும் சேர்ந்து ஐந்தாகிறது. தென் அமெரிக்காவுக்கும் அதே இரண்டுதான், ஆனால் காக்க வேண்டிய வாசலும் இரண்டு: வெனிசுவேலா, பிரேசில். வட அமெரிக்காவுக்கு ஐந்து போனஸ் உண்டு. ஒன்பது நாடுகளையும் மூன்று வாசல்களையும் காக்க ஆள் இருப்பவர் எதற்குத் தற்காப்பைப் பற்றி யோசிக்கப் போகிறார்?

இந்த விளையாட்டை உருவாக்கியவர் ஆல்பர் லாமொரீஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர். ஆட்டம் பிரான்சில் 1957இல் வெளிவந்தது. பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1959இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. ‘சிவப்புப் பலூன்’ படத்தை எடுத்தவரும் அவரே. ஒரு சிறுவனின் பலூனைப் பையன்கள் கூட்டமாகத் துரத்திப் பிடித்து உடைக்கும் படம் அது. எண்ணிக்கையில் குறைந்த பக்கத்தின் கதி என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பகடைக்கு வருவோம். தாக்குபவர் மூன்று பகடை வரை உருட்டலாம், காப்பவர் இரண்டு. பெரிய எண்ணைப் பெரிய எண்ணோடும், அடுத்ததை அடுத்ததோடும் ஒப்பிடுவார்கள். எண் சமமானால் வெற்றி காப்பவருக்கு. இந்தச் சமன் விதியின் எடை கொஞ்சநஞ்சமல்ல. ஒன்றுக்கு ஒன்று உருட்டினால் காப்பவர் 58 விழுக்காடு வெல்கிறார். இரண்டுக்கு இரண்டு என்றால், தாக்குபவர் இரு படைகளையும் இழக்கும் வாய்ப்பு 45 விழுக்காடு, காப்பவர் இரண்டையும் இழக்கும் வாய்ப்பு 23தான். காப்பவர் இரண்டு பகடை உருட்டும்போது, தாக்குபவரின் அனுகூலம் முழுவதும் மூன்றாவது பகடையில் இருக்கிறது. அது வந்ததும் கணக்கு தலைகீழாகி, காப்பவர் இரண்டையும் இழப்பது 37 விழுக்காடு, தாக்குபவர் இழப்பது 29 என்றாகிறது. மீதியில் ஆளுக்கொன்று போகும். மூன்று பகடை உருட்ட அந்த நாட்டில் குறைந்தது நான்கு படை நிற்க வேண்டும். எனவே காப்பவரின் உண்மையான வேலை எதிரியைத் தோற்கடிப்பதல்ல. அவர் உள்ளே வர வர, மூன்றாவது பகடை அவர் கையைவிட்டுப் போகும்படி தேய்ப்பது.

படைகளை எங்கே வைப்பது என்ற கேள்வி இங்கேதான் சுவாரசியமாகிறது. ஆஸ்திரேலியாவில் மொத்தம் எட்டுப் படை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஏற்பாடு, இந்தோனேசியாவில் ஐந்து, மற்ற மூன்றிலும் ஒவ்வொன்று. இன்னொரு வழி, நான்கிலும் இரண்டிரண்டு. தாக்குபவரிடம் மூன்று பகடைக்குக் குறையாத படை எப்போதும் இருப்பதாகக் கொண்டு கணக்குப் போட்டால், ஐந்து படை நிற்கும் இந்தோனேசியாவைப் பிடிக்க அவர் சராசரியாக நான்கு படையை இழப்பார். இரண்டு மட்டும் நின்றால் இழப்பு ஒன்றரைதான். கண்டத்தின் போனஸைக் காக்க வாசலில் குவிப்பதே சரி என்பதில் மறுபேச்சில்லை.

ஆனால் எதிரியின் நோக்கம் போனஸை உடைப்பதல்ல, உங்களை ஆட்டத்தைவிட்டே துடைத்தெறிவது என்றால்? பிடித்த ஒவ்வொரு நாட்டிலும் அவர் ஒரு படையையாவது விட்டுச் செல்ல வேண்டும். அது சாகவில்லை, ஆனால் முன்னேறவும் முடியாது. ஒற்றைப் படை நிற்கும் நாட்டைக் கடக்க அவருக்கு ஒன்றரைப் படை செலவாகிறது: சாவது அரை, தங்குவது ஒன்று. இப்படிக் கூட்டினால், வாசலில் குவித்த ஏற்பாட்டை முழுக்க அழிக்கத் தோராயமாக ஒன்பதரைப் படை தேவை. இரண்டிரண்டாகப் பரப்பியதை அழிக்கப் பத்துக்கும் சற்று மேல். வாசலில் அவ்வளவு பெரிய மதில் போலத் தெரிந்தது உயிர் காக்கும் விஷயத்தில் பரவலைவிட அரைப் படை குறைவு! காரணம் எளிது. காப்பவருக்கு இரண்டாவது பகடையைத் தருவது நாட்டின் இரண்டாவது படை. அதற்கு மேல் குவியும் ஒவ்வொரு படையும் சராசரியாகத் தன்னைவிடக் குறைந்த விலையையே எதிரியிடம் வசூலிக்கிறது. பெரும் குவியலோடு பெரும் குவியல் மோதும் இடத்தில் தாக்குபவர் கைதான் ஓங்கும். நாட்டில் தங்க வேண்டிய ஒற்றைப் படையைக் கழித்து, தாக்குபவரிடம் ஐந்தும் காப்பவரிடம் ஐந்தும் இருந்தாலே சாதகம் மெல்லத் தாக்குபவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. அது பகடையில் இல்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது. நான்கைந்து பேர் ஆடும்போது, உங்களைத் தாக்கி ஒன்பது படை செலவழித்தவரை மூன்றாமவர் சும்மா விடமாட்டார். மூலையில் இருப்பவர் பிழைப்பது அவருடைய மதிலால் அல்ல, எதிரியின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் வேறொருவரால். அதனால்தான் சியாமைப் பிடிப்பதா வேண்டாமா என்பது இவ்வளவு சிக்கலாகிறது. ஆஸ்திரேலியாக்காரர் சியாமில் உட்கார்ந்தால் ஆசியாவின் ஏழு போனஸ் யாருக்கும் கிடைக்காது. வலிமையானவரை முடக்க மலிவான வழிதான். ஆனால் ஆசியாவில் கால் ஊன்றியவருக்கு அன்றிலிருந்து முதல் எதிரி நீங்கள்தான். என்னைக் கேட்டால், ஆசியா சிதறிக் கிடக்கும்வரை சியாமைத் தொடாமல் இந்தோனேசியாவிலேயே நிற்பது மேல்; ஒருவர் ஆசியாவில் ஏழெட்டு நாடு சேர்த்துவிட்டார் என்றால் மட்டும் இறங்கலாம். அப்போது மற்றவர்களும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள், ஒரு சுற்றுக்காவது.

இனி இந்த உத்தியின் பெரிய ஓட்டை. தன் முறையில் ஒரு நாட்டையாவது பிடித்தவருக்குத்தான் ஒரு கார்டு. மூன்று பொருந்தும் கார்டுகளை மாற்றினால் படை. ஏறுமுக விதியில் மேசையில் முதலில் மாற்றப்படும் செட்டுக்கு நான்கு, பிறகு ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, ஆறாவதுக்குப் பதினைந்து, அதன் பின் ஐந்தைந்தாக ஏறிக்கொண்டே போகும். எட்டாவது செட்டை மாற்றுபவர் ஒரே மூச்சில் 25 படையை இறக்குவார். முறைக்கு ஐந்து என்று ஆஸ்திரேலியாக்காரர் ஐந்து சுற்று பொறுமையாகக் கட்டிய மதிலுக்கு அது சமம். உள்ளே அடைந்து கிடந்தவருக்கோ கார்டே வந்திருக்காது. ஒற்றை வாசல் அவரைக் காத்தது போலவே அவரை வெளியே விடாமலும் தடுத்துவிட்டது. வெளியேறும் வழியில் யாராவது ஒருவர் சியாமில் பத்துப் படையை நிறுத்திவிட்டால் போதும், அதன்பின் தாக்குதலும் இல்லை, கார்டும் இல்லை.

இதற்கு அனுபவசாலிகள் ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். சியாமில் ஒற்றைப் படையை மட்டும் விட்டுவைப்பார்கள். பக்கத்துக்காரர் அதைப் பிடித்து ஒரு கார்டு எடுப்பார், அவரும் ஒற்றைப் படையையே விடுவார், அடுத்த முறை இவர் திரும்பப் பிடித்து ஒரு கார்டு எடுப்பார். வாய்விட்டுப் பேசாமலே நடக்கும் ஒப்பந்தம். மதிலும் நிற்கும், கார்டும் வரும். இதை ஏமாற்று என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவர்கள் முணுமுணுக்கும் அளவுக்கு அது வேலை செய்கிறது.

கார்டு சேர்ந்தால் இன்னொரு ஆபத்து வருகிறது. ஒருவரை ஆட்டத்திலிருந்து நீக்கியவர் அவருடைய கார்டுகளையும் எடுத்துக்கொள்வார். கை ஆறைத் தொட்டால் அந்த முறையிலேயே மாற்றி, புதுப்படையோடு தொடர்ந்து தாக்குவார். நான்கு கார்டோடு மூலையில் இருக்கும் பலவீனர் பலவீனர் மட்டுமல்ல, கொழுத்த பரிசு. அடுத்த செட் 20 படை என்றால், அவரை அழிக்க ஆகும் பத்துப் படை நல்ல முதலீடாகிவிடும். ஆகவே தற்காப்பில் இருப்பவர் பெரிய மதிப்புக்காகச் செட்டைப் பதுக்கக் கூடாது. மூன்று கார்டு பொருந்திய உடனே மாற்றி, அந்தப் படைகளை வாசலில் கொட்டாமல் பின்னாலுள்ள ஒற்றைப் படை நாடுகளை இரண்டாக்கப் பயன்படுத்த வேண்டும். அந்த நேரத்தில் காக்க வேண்டியது இரண்டு போனஸை அல்ல.

செட்டுகளுக்கு நிலையான மதிப்பு வைத்து ஆடும் விதியும் உண்டு: காலாட்படை மூன்றுக்கு நான்கு, குதிரை மூன்றுக்கு ஆறு, பீரங்கி மூன்றுக்கு எட்டு, வகைக்கொன்று என்றால் பத்து. அங்கே வெள்ளம் வராது, வாசலில் கட்டிய மதில் கடைசிவரை மதிலாகவே நிற்கும். அப்படி ஆடும் மேசையில் யோசிக்காமல் ஆஸ்திரேலியாவை எடுப்பேன். ஏறுமுக விதி என்றால் நான்காவது செட் மாறும்வரைதான் அங்கே இருப்பேன். அதற்குப் பிறகு சியாமைத் தாண்டி இந்தியாவுக்கோ சீனாவுக்கோ ஒரு கால் வைத்தாக வேண்டும், இரண்டு போனஸ் போனாலும் சரி.