மறுகா என்ன? – சாதாரண வாசகரும் எமது நாவல் விமர்சனமும்

எமது இலக்கியக் கூட்டங்களில் 'வாசகர்' என்ற சொல் ஓயாமல் உச்சரிக்கப்படுகின்றது. வாசிப்பு அருகிவிட்டது என்கின்றோம். வாசகரின் தரத்தை உயர்த்துவது படைப்பாளியின் கடன் என்கின்றோம். ஆனால் அந்த வாசகர் ஒரு நாவலைப் படித்து முடித்தபின் என்ன சொல்கின்றார் என்பதைக் கேட்டு எழுதியவர் எம்மில் மிகக் குறைவு. நாவல் பற்றிய கட்டுரைகளில் பேராசிரியர்களின் கருத்துகள் அடுக்கடுக்காக இடம்பெறும். தையற்கடையில் இருந்துகொண்டு அதே நாவலைப் படித்தவரின் கருத்துக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படுவதில்லை.

சாதாரண வாசகர் என்று நான் இங்கு குறிப்பிடுவது, எழுத்தோடு வேறு எந்தத் தொடர்பும் இன்றி, பொழுதுபோக்காகவோ பழக்கத்தினாலோ நாவல் படிப்பவரை. கிழக்கிலங்கைக் கிராமமொன்றில் ஆசிரியனாக இருப்பதால், பாடசாலை நூலகத்துப் புத்தகங்களும் எனது சொந்தப் புத்தகங்களும் இரவல் போய்த் திரும்பும்போது கூடவே ஓரிரு வாக்கியங்களும் வந்து சேர்கின்றன. 'இழுக்குது சேர்', 'முடிவு சரியில்ல', 'பாவம் அந்தப் புள்ள', 'இப்பிடியெல்லாம் நடக்குமா?' அவ்வளவுதான். இவற்றை நாம் அபிப்பிராயம் என்று கூட மதிப்பதில்லை. எனினும், பல்வகை நாவல்கள் பற்றி வந்த இத்தகைய வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சாதாரண வாசகர் ஒவ்வொரு வகை நாவலையும் அது அவருக்குத் தந்த வாக்குறுதியைக் கொண்டே அளக்கின்றார். எமது விமர்சனமோ எல்லா வகையையும் ஒரே முழக்கோலால் அளந்துகொண்டிருக்கின்றது.

முதலில் துப்பறியும் நாவல்களை எடுத்துக்கொள்வோம். ராஜேஷ்குமாரின் குற்ற நாவலொன்றைத் திருப்பித் தரும் இளைஞன், பாத்திரவார்ப்பில் ஆழம் போதாது என்று முறையிடுவதில்லை. 'பாதியிலயே ஆள் யாரெண்டு விளங்கிட்டு சேர்' என்பான். ஒளித்து வைப்பதாகச் சொன்ன ஒன்றை நாவலாசிரியர் ஒழுங்காக ஒளித்து வைக்கவில்லை என்பது அதன் பொருள். அந்த வகை நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான குற்றச்சாட்டு வேறில்லை. அவனே சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' படித்தபின் வேறு விதமாகப் பேசுவான். பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வஸந்தும் திண்டாடும் அந்தக் கதையை இராவில் தனியே படிக்கப் பயந்ததாகச் சொல்வான். அச்சம் தருவதாகச் சொன்ன நாவல் அச்சத்தைத் தந்துவிட்டது. கணக்குச் சரி.

இந்த வாசகர்களின் முதற்கேள்வி எங்கள் பகுதிப் பேச்சில் 'மறுகா என்ன?' என்பதாகும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதே அதன் கருத்து. இலக்கியக்காரர் இக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனமாகக் கருதுவர். ஆனால் எமது நாவல் இக்கேள்வியிலிருந்தே பிறந்தது என்பதை மறந்துவிடுகின்றோம். 1885இல் வெளிவந்த அறிஞர் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று எமது மாணவர்கள் ஒப்புவிப்பர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்து, எமது சமூகத்தின் கல்விக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்த அந்தச் சீர்திருத்தவாதி, நாவல் எழுத உட்கார்ந்தபோது எதனை எழுதினார்? எகிப்தின் பெருங்குடியொன்றில் பிறந்த குழந்தை கடத்தப்படுகின்றது, பம்பாயில் வளர்கின்றது, ஆபத்துகள் பலவற்றைத் தாண்டிக் கடைசியில் தன் பெற்றோரைச் சேர்கின்றது. இது ஒரு சாகசக் கதை. இதன் களம் இலங்கை அல்ல என்பதை நாம் ஒரு குறையாகவே பதிவு செய்து வந்திருக்கின்றோம். தான் சொல்ல விரும்பிய நல்லுரைகளுக்குச் செவிகொடுக்க ஆள் வேண்டுமாயின், முதலில் அவர்களை 'மறுகா என்ன?' என்று கேட்க வைக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே எனக்குப் படுகின்றது. 'முதல் நாவல்' என்ற பட்டத்தைக் கொடுத்து அதனை அலுமாரியில் வைத்துவிட்டோம். சாகசக் கதையாக அது எவ்வளவு தூரம் வெற்றி பெறுகின்றது என்று கேட்கவில்லை.

சரித்திர நாவல்களுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' எமது கிராமத்து நூலகங்களில் அட்டை கிழிந்து, மீண்டும் கட்டப்பட்டு, மீண்டும் கிழிந்த நூல். 2022இலும் 2023இலும் அது திரைப்படமாக வந்தபின் மாணவர்களும் அதனைத் தேடி வந்தனர். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற தர்க்கம் இன்னும் ஓயவில்லை. கதை முடிந்த பிறகு பாத்திரங்கள் என்னவானார்கள் என்று கேட்ட வாசகர்களுக்காகக் கல்கியே முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த எழுத்தாளர் தனது வாசகரின் கேள்வியை இழிவாகக் கருதவில்லை.

இந்நாவல் குறித்து நான் கேட்டவற்றுள் ஓர் அபிப்பிராயம் ஆய்வுக் கட்டுரையொன்றுக்கு விதையாகக் கூடியது. கதை ஈழத்துக்கு வரும் பகுதியை மிக விரும்பிப் படித்த ஒரு முதியவர், கடற்பயண அத்தியாயங்களில் வரும் அராபியர் முரட்டு மனிதராகவே காட்டப்படுவதைக் கவனித்திருந்தார். 'கத நல்லாத்தான் இரிக்கி. எங்கட ஆக்கள்தான் அதுக்குள்ள நல்லா இல்ல' என்றார். ஆட்சேபித்து நூலை ஒதுக்கி வைக்கவில்லை. ஐந்து பாகத்தையும் படித்து முடித்தார். இரசிப்பும் ஐயமும் ஒரே மனதில் அருகருகே இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

காதல், குடும்ப நாவல்கள் எமது விமர்சனத்தில் ஏளனத்துக்கு மட்டுமே உரியவை. ரமணிசந்திரனின் நாவல்களை எடுத்துச் செல்லும் பெண்களைப் பற்றிப் பேசும்போது எமது நண்பர்கள் சிரிப்பர். நாயகனும் நாயகியும் முதலில் முரண்படுவர், தப்பெண்ணமொன்று வளரும், அது தீர்ந்து கலியாணத்தில் முடியும். இதனை அப்பெண்கள் அறியாதவர்களா? 'முடிவு தெரியும் சேர். எப்பிடி அங்க கொண்டு போறா எண்டுதான் பாக்கிற' என்று ஒருவர் சொன்னார். கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் இராக்காலங்களில் பாடக் கேட்ட எமது மூத்தம்மாமாருக்கும் முடிவு தெரிந்தே இருந்தது. தெரிந்த முடிவை நோக்கிச் செல்லும் வழியை இரசிப்பது எமது மரபில் பழைய இரசனை.

அவர்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதும் இல்லை. நாயகியை அவமதித்து, கையையும் ஓங்கிய நாயகனிடம் அவள் கடைசியில் மனமுவந்து சேர்வதாக எழுதப்பட்ட ஒரு நாவலைத் திருப்பித் தந்த வாசகி, 'இவளுக்கு ரோசமே இல்லையா?' என்று கேட்டார். பெண்ணிய விமர்சனம் பக்கம் பக்கமாக எழுதும் ஒரு விடயம் அந்த மூன்று சொற்களில் அடங்கியிருக்கின்றது. நாம் கேட்டிருந்தால் அவர் இன்னும் சொல்லியிருப்பார்.

இனி யதார்த்த நாவல்கள். இங்கேதான் எமக்கு உண்மையான சோதனை காத்திருக்கின்றது. இங்கு வாசகர் 'மறுகா என்ன?' என்பதோடு நில்லாமல் 'இப்பிடி நடக்குமா?' என்றும் கேட்கின்றார். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலான தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எமது பகுதி வாசகருக்கு முதலில் கடினமாகவே இருக்கும். குமரி மாவட்டத்து முஸ்லிம்களின் மலையாளம் கலந்த பேச்சு முதற்பக்கங்களில் தடுக்கி விழுத்தும். அதைத் தாண்டியவர்கள் சொல்லும் வாக்கியம் ஏறத்தாழ ஒன்றேதான்: 'இந்த முதலாளி எங்கட ஊர்லயும் இருந்தவர்.' ஊரையே தன் கைக்குள் வைத்திருக்கும் முதலாளி, ஆங்கிலப் பள்ளிக்கூடம் மார்க்கத்துக்கு விரோதமானது என்ற எதிர்ப்பு, தங்ஙள்மாரின் செல்வாக்கு ஆகியவை கடல் கடந்து இங்கும் அடையாளம் காணப்படுகின்றன. திக்குவல்லை கமாலின் எழுத்தில் தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சைக் கேட்கும் கிழக்கு வாசகருக்கும் இதே அனுபவம் ஏற்படும். பேச்சு வேறு, வீடு ஒன்று.

ஆனால் 'நடக்குமா?' என்ற கேள்விக்கு 'நடக்கும்' என்று விடை கிடைத்ததும் வேறொரு கேள்வி எழுகின்றது: 'எங்கட ஆக்கள இப்பிடி எழுதலாமா?' சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தது. வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் ஆசைகளையும் வலிகளையும் மறைக்காமல் பேசும் நாவல் அது. அதனை முழுவதும் படித்த ஒரு பெண் சொன்னது எனக்கு நினைவிருக்கின்றது: 'எல்லாம் உண்மதான். எழுதித்தான் ஆகணுமா?'

இந்த அபிப்பிராயத்தை அலட்சியம் செய்வது எளிது. பிற்போக்கு என்று ஒரு சொல்லில் தள்ளிவிடலாம். அவ்வாறு தள்ளிவிட்டால் அதற்குள் இருக்கும் இரண்டு பகுதிகளையும் இழந்துவிடுவோம். 'எல்லாம் உண்மதான்' என்பது இலக்கியத் தீர்ப்பு. யதார்த்த நாவலுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சான்றிதழும் அதுவே. 'எழுதித்தான் ஆகணுமா?' என்பது சமூகக் கவலை. சிறுபான்மையாக வாழும் ஒரு சமூகம், தன்னைப் பற்றிப் பிறர் என்ன நினைப்பர் என்று அஞ்சுவதில் வியப்பில்லை. இவ்விரண்டையும் பிரித்துக்காட்டி, முதலாவதை ஏற்று, இரண்டாவதோடு வாதிடுவதே விமர்சகரின் வேலை. எழுதாமல் விட்டால் அந்த வலி இல்லாமற் போகுமா? வெளியார் பார்வைக்கு அஞ்சி நாம் காக்கும் மௌனத்தின் சுமையை வீட்டுக்குள் சுமப்பவர் யார்? இவற்றை அந்த வாசகியிடம் கேட்கலாம். அவர் மறுமொழியும் சொல்வார். நாவலைப் படிக்காமலே 'எழுதலாமா?' என்று கேட்பவரோடு வாதிட ஒன்றுமில்லை. படித்துவிட்டுக் கேட்பவர் எமது தோழர்.

எமது விமர்சனம் இவ்விடத்தில் என்ன செய்கின்றது? பெரும்பாலும் வெளியீட்டு விழா நயவுரையோடு நின்றுவிடுகின்றது. பொன்னாடைக்கும் தேநீருக்கும் இடையே வாசிக்கப்படும் அந்த உரை, பின்னர் சஞ்சிகையில் கட்டுரையாகின்றது. அதில் நாவலின் கதைச்சுருக்கம் இருக்கும். அது சமூகத்துக்குச் சொல்லும் 'செய்தி' இருக்கும். ஆசிரியருக்கு வாழ்த்து இருக்கும். பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' நாவலைச் சமூகத்தோடு பொருத்திப் பார்க்க எமக்குக் கற்றுத் தந்தது. அது பெரும் கொடை. ஆனால் அவ்வழி வந்தோரிற் பலர் சமூகத்தைப் பார்க்கும் உழைப்பை விட்டுவிட்டு, செய்தியைப் பிரித்தெடுக்கும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். துப்பறியும் நாவலுக்கும் அதே கேள்வி, காதல் நாவலுக்கும் அதே கேள்வி, குடும்ப நாவலுக்கும் அதே கேள்வி: இது என்ன செய்தி சொல்கின்றது? செய்திதான் வேண்டுமென்றால் ஜும்ஆப் பிரசங்கம் இருக்கின்றது. வாசகர் நாவலிடம் வருவது வேறொன்றுக்காக.

சாதாரண வாசகரின் வாக்கே இறுதி வாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கும் குறைகள் உண்டு. பாத்திரம் பேசுவதை எழுத்தாளரின் கருத்தாக எடுத்துக்கொள்வார். கெட்டவன் தண்டிக்கப்படாவிட்டால் 'முடிவு சரியில்ல' என்பார். வாழ்க்கையில் பல கெட்டவர்கள் ஊர்த் தலைவர்களாக இருந்து மௌத்தாவதை அறிந்திருந்தும் நாவலில் அதனை ஏற்கமாட்டார். மொழிநடை பற்றி அநேகமாக எதுவும் சொல்லமாட்டார்; நல்ல நடை அவருக்குத் தண்ணீரைப் போல, இருக்கும்போது தெரிவதில்லை. இக்குறைகளைத் திருத்துவதற்கும் அவரோடு பேசித்தான் ஆகவேண்டும். வகுப்பறையில் பிழையான விடை சொல்லும் மாணவனிடம் 'ஏன் அப்படிச் சொன்னாய்?' என்று கேட்கும் ஆசிரியரே அவனுக்குக் கற்பிக்கின்றார். சிவப்புப் பேனாவால் கோடிழுத்துக் கொப்பியைத் திருப்பிக் கொடுப்பவரிடம் அவன் எதையும் கற்பதில்லை.

இதில் இழக்கப்படுவது என்ன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளினதும் நூல்களினதும் வரவு கட்டுப்படுத்தப்பட்டிருந்த வேளையில், வீரகேசரிப் பிரசுரங்களாக வந்த ஈழத்து நாவல்களைச் சாதாரண மக்கள் வாங்கிப் படித்தனர். 1973இல் வெளிவந்த பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' ஆகியவை படித்த வட்டத்துக்கு வெளியேயும் சென்றன. அவை கதையையும் மண்ணையும் ஒருங்கே தந்தன. எமது முஸ்லிம் எழுத்தாளர்களின் நாவல்கள் இன்று பெரும்பாலும் சொந்தச் செலவில் அச்சாகி, விழாவில் சில பிரதிகள் கைமாறி, மிகுதி வீட்டு அறையில் கட்டோடு கிடக்கின்றன. அதற்குப் பொருளாதாரக் காரணங்கள் உண்டு. விநியோகக் காரணங்கள் உண்டு. ஆனால் வாழ்த்தை மட்டுமே கேட்டுப் பழகிய எழுத்தாளருக்கு, 'பாதியில் அலுத்துப்போயிட்டு' என்று யாரும் சொல்லாததும் ஒரு காரணம். அவ்வாறு சொல்லக்கூடிய ஆள் எமது ஊரில்தான் இருக்கின்றார். நாம் அவரிடம் கேட்கவில்லை.

எனவே விமர்சன நண்பர்களிடம் ஒரு சிறிய வேண்டுகோள். அடுத்து ஒரு நாவலைப் பற்றி எழுத முன்னர், அதனை எழுத்தோடு தொடர்பில்லாத மூவரிடம் கொடுங்கள்: ஒரு கடைக்காரர், ஒரு குடும்பப் பெண், உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை. எங்கே நிறுத்தினார்கள், எங்கே நம்பவில்லை, எங்கே கோபம் வந்தது என்று கேளுங்கள். பிறகு உங்கள் கட்டுரையில் அவர்களோடு உடன்படுங்கள், அல்லது காரணம் காட்டி மறுத்துரையுங்கள். எழுத்தாளர் மனம் நோகக்கூடும். ஆனால் தனது நாவலை மூன்று பேர் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கின்றார்கள் என்ற செய்தி, எந்தப் பொன்னாடையை விடவும் அவருக்குச் சூடு தரும்.