கட்டைகளுக்கு நடுவே

அசர்பைஜான் காதல் பாடல்களை யாராவது தனிப் பியானோவில் வாசித்தால் நான் கவனிப்பது வலது கைச் சுண்டுவிரலைத்தான். மெட்டு பெரும்பாலும் அங்கேதான் நிற்கும்.

‘அய்ரிலிக்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கே பிரிவு என்றுதான் பொருள். மெட்டமைத்த அலி சலிமி பாகூவில் பிறந்து ஈரானுக்குப் போனவர். அசர்பைஜானியர் அராஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு, இந்தப் பக்கம் ஒரு நாடு என்று பிரிந்து கிடந்த காலம். ரஷீத் பெஹ்புதோவ் பாடிப் புகழ்பெற்ற பாட்டு.

இதைப் பியானோவுக்குக் கொண்டுவருவதில் ஒரு சங்கடம் உண்டு. ‘முகாம்’ (கூடாரம் போடும் முகாம் இல்லை, அவர்களுடைய செவ்விசை) பழகிய பாடகர் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போவார். நடுவில் தொண்டை லேசாக உடையும். பியானோவிலோ தட்டினால் தட்டியதுதான். இரண்டு கட்டைக்கு நடுவே ஒன்றும் கிடையாது. அதனால் நல்ல வாசிப்பாளர் பக்கத்து அரைச்சுரத்தை இமைக்கும் நேரம் உரசிவிட்டு, வேண்டிய சுரத்தில் இறங்குகிறார். அழுகை அந்த உரசலில்தான் இருக்கிறது. ஜாஸையும் முகாமையும் இணைத்து வாசித்த பாகூக்காரர் வாகிஃப் முஸ்தஃபாசாதே (1940–1979) இந்த விரல்வித்தையில் மன்னன்.

எனக்கு ஆகாதது, பெடலை அழுத்திய கால் அழுத்தியபடியே எல்லாவற்றையும் குழைத்துவிடுவது. வரி முடிகிற இடத்தில் காலை எடுத்து, ஒரு நொடி சும்மா விடுகிறவர்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கட்டை மேலெழும் ‘டக்’ சத்தம்கூட அப்போது காதில் விழும்.