வீரா ஸ்டார்க்: முதல் பாதியின் வெற்றி

விருந்துக்கு வந்திருக்கும் ஐரோப்பிய இயக்குநர் தன் அடுத்த படத்தைப் பற்றி உணர்ச்சி பொங்கப் பேசிக்கொண்டிருக்கிறார். அடிமைமுறைக் காலத்து நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் கதை. அதில் வரும் அடிமைகள் நடிப்புப் பழகியவர்களாக இருக்கக் கூடாதாம்; மண்ணோடு புழங்கியவர்களாக, தலைமுறைத் துயரமெல்லாம் முகத்தில் தெரிகிறவர்களாக இருக்க வேண்டுமாம். விருந்தினரை உபசரித்துக்கொண்டிருக்கும் இரண்டு கறுப்பினப் பணிப்பெண்களின் காதில் இது விழுகிறது. இருவரும் மேடையேறிப் பழகிய நடிகைகள், வாய்ப்புக்காகக் காத்திருப்பவர்கள். மறுகணமே அவர்கள் முதுகு கூனுகிறது, நடை தளர்கிறது, பேச்சு இழுபடுகிறது. தேடிய 'அசல்' மனிதர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று இயக்குநர் பூரித்துப்போகிறார்.

லின் நாட்டேஜின் 'பை த வே, மீட் வீரா ஸ்டார்க்' நாடகத்தின் முதல் அங்கத்தில் வரும் இந்தக் காட்சி, இந்த நூற்றாண்டில் அமெரிக்க மேடைக்கு எழுதப்பட்ட நகைச்சுவைக் காட்சிகளில் மிகக் கூர்மையான ஒன்று. 2011இல் நியூயார்க்கின் செகண்ட் ஸ்டேஜ் அரங்கில் ஜோ போனி இயக்கத்தில் முதலில் அரங்கேறிய நாடகம் இது. 2019இல் சிக்னேச்சர் அரங்கில் மீண்டும் மேடையேறியது. நாடகத்துக்கான புலிட்சர் பரிசை இருமுறை பெற்ற முதல் பெண் நாட்டேஜ். ஆனால் பரிசு பெற்ற 'ருயின்ட்', 'ஸ்வெட்' இரண்டும் கனத்த துயர நாடகங்கள். சிரிப்பைக் கையிலெடுத்த வீரா ஸ்டார்க்கை அவற்றுக்கு ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. அந்த மதிப்பீட்டில் பாதி தவறு, பாதி சரி என்பது என் கணிப்பு.

தவறு எங்கே என்றால், நிறப் பிரிவினைக் காலத்துக் கறுப்பின நடிகைகளின் கதைக்கு நகைச்சுவை மிகப் பொருத்தமான வடிவம். அன்றைய ஹாலிவுட் அவர்களுக்குக் கொடுத்த வேலையே பெரும்பாலும் சிரிப்பு மூட்டுவதுதான்: கதவைத் திறந்துவிட்டு அசடு வழியும் பணிப்பெண், எஜமானியின் குழந்தைகளை வளர்க்கும் பருத்த ஆயா. 'கான் வித் தி விண்ட்' படத்தில் அப்படியொரு ஆயாவாக நடித்ததற்காக ஹாட்டி மெக்டானியல் 1940இல் ஆஸ்கர் பெற்றார். விழா நடந்த லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஹோட்டலில் படக்குழுவோடு அவர் உட்கார முடியவில்லை. சுவரோரமாகத் தனி மேசை போட்டிருந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு அட்லான்டாவில் நடந்த படத்தின் முதல் காட்சிக்கும் அவரால் போக முடியவில்லை. இப்படிப்பட்ட உலகத்தில் சிரிக்க வைப்பதே பிழைப்பாக இருந்த பெண்களிடம், அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கிறார் நாட்டேஜ். விருந்துக் காட்சியில் நாம் சிரிப்பது கூனிய முதுகைப் பார்த்து அல்ல. அந்தக் கூனலை உண்மை என்று நம்பும் இயக்குநரைப் பார்த்து. அவர்களது திறமை முழுவதும் நம் கண்முன் வெளிப்படுகிறது, வேலை தரக்கூடிய ஆளுக்கு மட்டும் அது தெரியவில்லை. அந்தக் காலத்துத் திரையுலகின் அநியாயம் மொத்தமும் இந்த ஒரு சூழ்நிலைக்குள் அடங்கிவிடுகிறது.

கதை 1933இல் நிகழ்வதும் தற்செயல் அல்ல. திரைப்படத் தணிக்கை விதிகள் ஏட்டளவில் இருந்தனவே தவிர, கறாராக அமலுக்கு வந்தது அடுத்த ஆண்டில்தான். கலப்பினக் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்பதும் அந்த விதிகளில் ஒன்று. கதவு சாத்தப்படுவதற்குச் சற்று முன்னால் இருந்த இடைவெளியில் நிற்கிறாள், விருந்தில் உபசரித்த இருவரில் ஒருத்தியான வீரா. அவளுக்கு முன்மாதிரி தெரசா ஹாரிஸ். 1933இல் வந்த 'பேபி ஃபேஸ்' படத்தில் பார்பரா ஸ்டான்விக்கின் தோழியாக, பணிப்பெண்ணாக அவர் வருகிறார். அதில் நாயகிக்குச் சமமாக நிமிர்ந்து நிற்கும் அவரைப் பார்த்துவிட்டு, இவர் பிறகு என்ன ஆனார் என்று கேட்காமல் இருக்க முடியாது. ஏராளமான படங்களில் நடித்தும், பலவற்றில் பெயர்கூடப் போடப்படாமல் போனவர் அவர்.

வீராவின் எஜமானி க்ளோரியா மிட்செல் பெயர்பெற்ற வெள்ளை நட்சத்திரம். நாடகம் தொடங்கும்போது க்ளோரியாவுக்கு வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பவள் வீராதான். வசனம் அவளுக்கே நன்றாக மனப்பாடம். வீராவின் தோழி லாட்டி, தனக்குக் கிடைக்கக்கூடியது ஆயா வேடம்தான் என்று தெரிந்து, அதற்கேற்ற உடம்பை வளர்த்துக்கொண்டவள். வெளுத்த நிறமுள்ள அன்னா மே, பிரேசில் நாட்டுக்காரியாக வேடம் போட்டு இயக்குநரின் கைகோத்து விருந்துக்கு வருகிறாள். க்ளோரியாவின் வெள்ளை நிறத்தைப் பற்றியே ஐயத்தைக் கிளப்பும் குறிப்புகளையும் நாட்டேஜ் ஆங்காங்கே விட்டுச் செல்கிறார். ஆக, அந்த வீட்டில் நடிக்காதவர் யாருமில்லை. ஆள்மாறாட்டக் கேலி நாடகம் என்ற பழைய உத்திக்கு இதைவிடப் பொருளுள்ள காரணம் கிடைப்பது அரிது.

சரிவு இரண்டாம் அங்கத்தில். வீரா அந்தப் படத்தில் நடித்துப் புகழ்பெற்றுவிட்டாள். படத்தின் இறுதிக் காட்சி கறுப்பு வெள்ளையில் நமக்குத் திரையிடப்படுகிறது. பிறகு காலம் இரண்டாகப் பிரிகிறது: 2003இல் ஒரு கருத்தரங்கில் ஆய்வாளர்கள் கூடி, 1973இல் வீரா கலந்துகொண்ட தொலைக்காட்சிப் பேட்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து விவாதிக்கிறார்கள். லாட்டியாக நடித்தவரும் அன்னா மேயாக நடித்தவரும் இப்போது ஆய்வாளர்கள். யோசனை அபாரமானது. வீராவை ஸ்டூடியோ தன் தேவைக்குப் பயன்படுத்தியதுபோல, பின்னால் வந்தவர்களும் தத்தம் கோட்பாட்டுக்கு அவளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நடிகர்களின் உடம்பைக் கொண்டே காட்டுகிறார் நாட்டேஜ்.

ஆனால் அந்தக் கருத்து கருத்தரங்கு தொடங்கிய சில நிமிடங்களிலேயே நமக்குப் புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களது மொழிநடையைக் கிண்டல் செய்யும் பகுதிகள் நீள்கின்றன, அவர்கள் மனிதர்களாக விரிவதில்லை. முதல் அங்கத்தில் சிரிப்பு அதிகாரத்தை நோக்கிப் பாய்ந்தது. இங்கே வீராவை நினைவில் வைத்திருக்க முயல்கிறவர்களை நோக்கித் திரும்புகிறது. அவர்கள் அசட்டுத்தனமாகப் பேசலாம், ஆனாலும் ஸ்டூடியோ முதலாளிக்குச் சமமான குற்றவாளிகள் அல்லர். அந்த வேறுபாட்டை நாடகம் போதிய அளவு எடைபோடவில்லை. இதைவிட எனக்குப் பெரிய குறை, ரத்தமும் சதையுமாக அறிமுகமான லாட்டியும் அன்னா மேவும் ஓரத்துக்குத் தள்ளப்படுவது. மறக்கப்பட்ட நடிகைகளைப் பற்றிய நாடகம், தானே படைத்த இருவரை இப்படிக் கைவிடலாமா? 1973 பேட்டியில் எதிர்பாராத விருந்தினராக க்ளோரியா வந்து நிற்கும் இடம் மட்டும் விதிவிலக்கு. மதுவின் துணையோடு ஆட்டம் காட்டிக்கொண்டிருந்த வீராவின் பகட்டு அங்கே கலைந்து, நாற்பதாண்டுக் காயம் தெரிகிறது. அந்த இரு பெண்களை மட்டும் வைத்தே இரண்டாம் அங்கத்தை எழுதியிருக்கலாம்.

இந்தக் கதைப்பொருளில் எது சாத்தியம் என்று அறிய ஆலிஸ் சில்ட்ரஸின் 'ட்ரபிள் இன் மைண்ட்' நாடகத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1955இல் கிரீன்விச் மியூஸ் அரங்கில் மேடையேறியது. விலெட்டா மேயர் என்ற மூத்த கறுப்பின நடிகை, ஒரு வெள்ளையர் எழுதிய நாடகத்தின் ஒத்திகைக்கு வருகிறாள். வந்ததும் இளம் நடிகன் ஒருவனுக்கு அவள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம், இயக்குநர் எது சொன்னாலும் சிரித்து வைப்பது எப்படி என்பது. கும்பல் கொலை செய்யத் தேடும் தன் மகனைத் தானே வெளியே அனுப்பிவைக்கும் தாயாக அவள் நடிக்க வேண்டும். எந்தத் தாய் இதைச் செய்வாள், உங்கள் மகனாக இருந்தால் அனுப்புவீர்களா என்று அவள் கேட்கிறாள். தன் மகனையும் கறுப்பின மகனையும் ஒப்பிடவே கூடாது என்று வெடிக்கிறார் முற்போக்காளராகக் காட்டிக்கொண்ட இயக்குநர். சிரித்து வைக்கக் கற்றுக்கொடுத்த அதே வாய் சிரிக்க மறுப்பதுதான் அந்த நாடகத்தின் பயணம். எந்தப் பாத்திரமும் வழியில் தொலைவதில்லை.

அதை பிராட்வேக்குக் கொண்டுபோக முன்வந்தவர்கள் முடிவை இதமாக மாற்றச் சொன்னார்கள். சில்ட்ரஸ் இறுதியில் மறுத்துவிட்டார். 1957இல் நடந்திருக்க வேண்டிய அரங்கேற்றம் நின்றுபோனது. பிராட்வேயில் நாடகம் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் என்ற இடம் 1959இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரிக்குப் போயிற்று. 'ட்ரபிள் இன் மைண்ட்' பிராட்வே மேடையைக் கண்டது 2021இல். சில்ட்ரஸ் 1994லேயே காலமாகிவிட்டார்.

நாட்டேஜின் ஆசை சில்ட்ரஸின் ஆசையைவிடப் பெரியது. எழுபதாண்டுக் காலத்தை, மூன்று ஊடகங்களை, நினைவு எப்படித் திரிகிறது என்ற கேள்வியை ஒரே மாலைக்குள் பிடிக்கப் பார்க்கிறார். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனாலும் முழுமையான நாடகம் சில்ட்ரஸுடையது. வீரா ஸ்டார்க்கின் முதல் அங்கம் அதற்கு இணையாக நிற்கும். இரண்டாம் அங்கம் நிற்காது. மீண்டும் மேடையேற்றுகிறவர்கள் கருத்தரங்கைத் தயங்காமல் குறைத்து, வீராவும் க்ளோரியாவும் நேருக்கு நேர் உட்காரும் நேரத்தை நீட்ட வேண்டும்.