ஈரம், சூடு, காற்று: ஆசனவாய் அரிப்புக்குச் சீன மருத்துவம் சொல்லும் காரணங்கள்

ஆசனவாய் அரிப்பைப் பற்றி நாம் வெளியே பேசுவதில்லை. டாக்டரிடம் போனாலும் "மூலம் மாதிரி ஏதோ..." என்று இழுப்போம். அதனாலேயே ராத்திரி ஒரு மணிக்கு ஃபோனை எடுத்துத் தேடுகிறவர்கள் அதிகம். நானும் அப்படித் தேடியவன்தான். தேடும்போதெல்லாம் பாரம்பரியச் சீன மருத்துவம் வந்து நின்றது. சில மாதம் அதைப் படித்தேன். எனக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. ஒரு வாதம் எங்கே நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று பார்ப்பது மட்டும்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அவர்கள் சொல்வதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் ஈரமும் எரிச்சலும் இருந்து, நாக்கில் மஞ்சள் படிவும் இருந்தால் அது "ஷிரெ", அதாவது ஈரமும் சூடும் சேர்ந்து உடம்பின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிட்டது. காரமும் எண்ணெயும் மதுவும் அதற்குக் காரணம். தோல் வறண்டு வெடித்து, நாக்கு வெளிறியிருந்தால் ரத்தம் குறைந்து அதனால் "காற்று" கிளம்பியிருக்கிறது. முதல் வகைக்குக் கசப்பு மூலிகைகள்: குஷென், ஹுவாங்பாய், ஷெச்சுவாங்ஸு, திஃபூஸு, பாய்ஷியன்பி. இவற்றைக் கொதிக்கவைத்து, முதலில் ஆவி காட்டி, ஆறியதும் அந்த நீரில் உட்கார வேண்டும்.

படித்ததும் நமக்குத் தலை ஆடும். "உடம்பு சூடு" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பழகிய பேச்சாக இருப்பதால் அது உண்மையாகிவிடாது. இந்த இடத்தில்தான் நான் முதலில் ஏமாந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய நூல். கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் பெயரில் உள்ள "ஜின்குய் யாவ்லுவே"யில் "ஹுஹுவோ" என்றொரு நோய் வருகிறது. தொண்டை, பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகிய இடங்களில் புண், கண் சிவப்பு. 1937இல் துருக்கி மருத்துவர் ஹுலூசி பெசெட் விவரித்த நோயோடு இதை ஒப்பிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். அத்தனை நூற்றாண்டுக்கு முன் சிதறிக் கிடந்த அறிகுறிகளை ஒரே நோயாகச் சேர்த்துப் பார்த்த கண் சாதாரணமானதில்லை. அதே நூல் கீழ்ப்பகுதிப் புண்ணைக் குஷென் கஷாயத்தால் கழுவச் சொல்கிறது. ஆசனவாய்ப் புண்ணுக்கு ஷியோங்ஹுவாங் புகை போடச் சொல்கிறது. ஷியோங்ஹுவாங் என்பது ஆர்சனிக் சல்ஃபைடு. விஷம்.

கூர்மையான கவனிப்பும் விஷமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே கவனிப்பு, விளக்கம், மருந்து மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்று சரி என்பதால் அடுத்ததும் பாஸ் ஆகாது.

கவனிப்புக்கு நல்ல மார்க் போடலாம். ஈரம் தங்கினால் அரிப்பு கூடும், காரமும் மதுவும் சிலருக்குத் தூண்டும் என்பதை நவீன மருத்துவமும் சொல்கிறது.

விளக்கத்தில்தான் சிக்கல். கீரிப்பூச்சி, பூஞ்சை, சோப்பு ஒவ்வாமை, சொரியாசிஸ், அபூர்வமாகப் புற்றுநோய் என இந்த அரிப்புக்குக் காரணங்கள் பல. "வேறு நோய், ஒரே சிகிச்சை" என்பது சீன மருத்துவம் பெருமையோடு சொல்லும் கொள்கை. இதில் பல நோய்கள் "ஷிரெ" என்ற ஒரே பெயருக்குள் போய்விடலாம். எல்லா பிழைக்கும் ஒரே எரர் மெசேஜ் காட்டும் புரோகிராமை யாரும் டீபக் செய்ய முடியாது. காலையில் கழுவுவதற்கு முன் செலோ டேப்பை ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கீரிப்பூச்சி முட்டை தெரியும். நாக்கில் அது தெரியாது.

மருந்து? ஹுவாங்பாயில் பெர்பெரின் இருக்கிறது, நம் மரமஞ்சளில் உள்ள அதே பொருள். குஷெனில் மேட்ரின், ஷெச்சுவாங்ஸுவில் ஆஸ்தோல். ஆய்வகத்தில் இவை வேலை செய்கின்றன. ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, மனிதத் தோல் வேறு. சீனச் சோதனைகள் பலவற்றில் ஐந்தாறு மூலிகையை ஒன்றாகக் கலந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரோடு ஒப்பிடுகிறார்கள். பிறகு குணமானவர், பெரிதும் தேறியவர், ஓரளவு தேறியவர் மூவரையும் கூட்டி "மொத்தப் பலன் விகிதம்" என்கிறார்கள். இதில் எந்த மூலிகை வேலை செய்தது, வெறும் வெந்நீரின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

சரியாகச் செய்ய முடியாத சோதனை ஒன்றும் இல்லை. 2003இல் "கட்" இதழில் வந்த ஆய்வில், தீராத ஆசனவாய் அரிப்புள்ள 44 பேருக்கு மிளகாயின் கேப்சைசினை மிக நீர்த்த களிம்பாகக் கொடுத்தார்கள். எரிச்சலை வைத்து எது மருந்து என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக ஒப்பீட்டுக் களிம்பில் மெந்தால் சேர்த்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 31 பேருக்குப் பலன் தெரிந்தது. மூலிகைக் கழுவலையும் இப்படிச் சோதிக்கலாமே.

வெளியே கழுவுவதோடு நின்றால் பெரிய ஆபத்தில்லை என்று விட்டிருப்பேன். ஆனால் கீழ்ப்பகுதி "ஷிரெ"வுக்கு உள்ளே குடிக்கும் மருந்தும் உண்டு. லோங்தான் ஷியெகான் அதில் பிரபலம். அதில் சேர வேண்டிய முதோங் கொடிக்குப் பதிலாக 20ஆம் நூற்றாண்டில் குவான்முதோங் புழக்கத்துக்கு வந்தது. அது ஆடுதீண்டாப்பாளை இனம். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். இதே அமிலம் பெல்ஜியத்தில் மெலிவதற்கான மாத்திரைகளில் கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தைப் பாழாக்கியதை 1993இல் "லான்செட்" இதழ்க் கட்டுரை வெளிக்கொண்டு வந்தது. சீன அரசு குவான்முதோங்கைத் தடை செய்தது 2003இல்தான். பத்து வருட இடைவெளி. அரிப்புக்குக் குடித்தவர் கிட்னியை இழப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? ஆயிரம் வருட அனுபவத்தால் இதைக் காண முடியவில்லை. பாதிப்பு மெதுவாக வருகிறது, மருந்தோடு முடிச்சுப் போடக் கணக்கெடுப்பு வேண்டும்.

என் அரிப்பு கடைசியில் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சோப்பு போட்டுத் தேய்க்கிறீங்களா? ஈர டிஷ்யூ உபயோகிக்கிறீங்களா?" இரண்டும் ஆமாம். அந்த டிஷ்யூக்கள் சிலவற்றில் சேர்க்கும் மெத்தில்ஐசோதயாசோலினோன் என்ற பதனப்பொருள் ஒவ்வாமை தரும். இரண்டையும் நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்தேன். மூன்று வாரத்தில் அடங்கியது. இது ஒரே ஒரு ஆளின் கதை, ஆதாரம் ஆகாது. மேலே மற்றவர்களிடம் நான் கேட்ட கேள்வியெல்லாம் இதற்கும் பொருந்தும்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ரத்தம் வந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, வாரக்கணக்கில் நீடித்தாலோ கூச்சத்தை விட்டு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அங்கே போய் ஐந்து நிமிடம் சங்கடப்பட்டால் போதும்.