ஆள் மாறிய உடல்

காரைக்கால் என்றதும் தமிழ் மனம் ஓர் உருமாற்றத்தை நினைத்துக்கொள்கிறது. மாங்கனி அதிசயத்தில் மிரண்ட பரமதத்தன் கப்பலேறிப் போய் வேறொருத்தியை மணக்கிறான். தேடிவந்த புனிதவதியின் காலில் விழுகிறான். அவளோ அவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேயுருக் கேட்கிறாள், கயிலைக்குத் தலையால் நடக்கிறாள். சேக்கிழாரின் பிரதியில் உடல்தான் மாறுகிறது. பாடுகிற தன்னிலை அப்படியே இருக்கிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: உடல் அப்படியே, ஆள் வேறு. மலிவான மதுவுக்குப் பேர்போன இக்கரையிலிருந்து பைக்கில் திரும்புகிறவன் ஹெல்மெட் இல்லாமல் விழுகிறான். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் முன்மடல் நசுங்குகிறது. தையல் பிரித்து வீட்டுக்கு வந்தாச்சு. ஊர், பேர், கடன் பாக்கி எல்லாம் ஞாபகமிருக்கிறது. காலையில் ஒப்புக்கொண்ட வேலை மட்டும் நினைவில் எழாது, எழுந்தாலும் தொடங்கமாட்டான். துக்க வீட்டில் சிரிப்பான். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான், ஒன்றுமில்லாததற்குக் கை ஓங்குவான். கோபத்துக்குக் கடிவாளமிட்டதும், காரியங்களை வரிசைப்படுத்தியதும் பெரிதும் அந்த மடல்தான் என்பது தெருவுக்குத் தெரியாது. திமிரு என்கிறது தெரு. 'அவரு அவரா இல்லீங்க' என்கிறாள் மனைவி. எந்த நரம்பியல் நூலையும்விடத் துல்லியமான வரையறை.

நம் சினிமாவுக்கு இந்த ஆள் தேவைப்படவில்லை. 'மூன்றாம் பிறை' (1982) விபத்தில் அடிபட்டவளைக் குழந்தையாக்கி வைத்தியத்தால் சட்டென மீட்கிறது. 'சேது' (1999) தலையில் அடிபட்டவனைப் பித்தனாக்குகிறது. மறதி, பைத்தியம் இரண்டுக்கும் பார்வையாளன் அழுவான். எல்லாம் நினைவிருந்தும் எரிச்சலூட்டுகிறவனுக்கு யார் அழுவது?

மருத்துவக் கதையாடலும் யோக்கியமில்லை. 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட்டில், ரயில் பாதைக்குப் பாறை தகர்த்துக்கொண்டிருந்த பினியாஸ் கேஜின் கன்னத்தில் ஏறி உச்சி வழியே பாய்ந்தது, வெடிமருந்து திணிக்கும் மூன்றரை அடி இரும்புக்கம்பி. பிழைத்தார். வசை பேசுகிறவராக, நிலையற்றவராக மாறினார் என்று டாக்டர் ஹார்லோ எழுதியதைப் பாடநூல்கள் ஒப்பிக்கின்றன. பின்னால் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்ததைப் பலவும் விழுங்கிவிடுகின்றன. அதே தடம், அதே நேரம்: வெளியிலிருந்து கிடைத்த ஒழுங்கு உள்ளே சிதைந்ததற்கு முட்டுக்கொடுத்திருக்கலாம். இங்கே அந்த முட்டு மனைவி, இல்லையென்றால் அம்மா. கூலி கிடையாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை எண்ணுகிறது. விபத்தால் வரும் மூளைக்காயம் அதில் தனி வகையாக இல்லை. சான்றிதழ் மேசையில் பேர் கேட்டால் சொல்வான், தேதி கேட்டால் சொல்வான். விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.